மிச்ச பெயிண்டில் விகிதப் பாடம்

செம்மேட்டில் எங்கள் பள்ளிப் பட்டறையின் பெஞ்ச் வைஸ், பச்சை பெயிண்ட் உரிந்து துருவேறிக் கிடந்தது. அதே பச்சையை மிச்சமிருந்த எனாமலில் கலக்குவதையே ஆறாம் வகுப்புக்கு விகிதப் பாடமாக்கினேன்.

மஞ்சள் 6 கரண்டி, நீலம் 1 கரண்டி. அடர்நிறத்தைச் சிறிது சிறிதாகத்தான் சேர்க்க வேண்டும். பச்சை பளிச்சென்றிருந்தது, ஒரு சொட்டு சிவப்பில் அடங்கியது. அட்டையில் பூசிப் பார்த்தோம். ஈரத்தில் பொருந்திய நிறம் காய்ந்தபின் கருத்தது. “அப்போ 7க்கு 1 சார்” என்றாள் ஒரு மாணவி. சரியாக வந்தது.

பூசுமுன் துருவைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாதென்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். வைஸோ அதற்கு வெகுகாலம் முந்தியது. தூசியில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டு நானே தேய்த்தேன். டப்பாக்களின் தயாரிப்புத் தேதியையும் அதன்பிறகே பார்த்தேன். கலக்குமுன்பே பார்த்திருக்க வேண்டும்.