ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் ஆங்கில ரோஜா

இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் உருவாக்கி, 1961-ல் வெளிவந்த முதல் ரோஜா இரகம் 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை'. 'பெல் ஐசிஸ்' என்ற பழைய காலிக்கா ரோஜாவையும், 'டெய்ன்டி மெய்டு' என்ற புளோரிபண்டா ரோஜாவையும் இனக்கலப்பு செய்து பெறப்பட்டது.

பூ: இளஞ்சிவப்பு நிறம். கிண்ணம் போல் குவிந்த அடுக்குப் பூ. சுமார் 12 செ.மீ. அகலம் இருக்கும். வெள்ளைப்போளத்தின் மணம் வீசும்.

செடி: புதராக சுமார் 2 மீட்டர் உயரம் வளரும். பூக்களின் பாரத்தால் கிளைகள் வளையும்; முட்டுக் கொடுப்பது நல்லது. சுவரில் ஏற்றிவிட்டால் கொடிபோல் இன்னும் உயரமாகப் படரும்.

குறை: அங்கு கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே பூக்கும். காலிக்கா ரோஜாவின் இக்குணம் ஓங்கு பண்பாகையால் கலப்பினத்திலும் வந்துவிட்டது. எனவே, தொடர்ந்து பூப் பறித்து விற்போருக்கு இது ஏற்றதல்ல.

கவாத்து: முந்தைய ஆண்டில் வளர்ந்த கிளைகளிலிருந்தே பூ வரும். மற்ற ரோஜாக்களைப் போல் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டினால், அடுத்த பருவத்துப் பூ போய்விடும். பூத்து முடிந்தவுடன் கவாத்து செய்து, காய்ந்த கிளைகளையும் மிக முதிர்ந்த தண்டுகளையும் நீக்க வேண்டும்.

இதன் வழித்தோன்றல்களை, மீண்டும் மீண்டும் பூக்கும் ரோஜாக்களுடன் கலந்து ஆஸ்டின் குறையை நீக்கினார். 1969-ல் வந்த 'வைஃப் ஆஃப் பாத்' அவ்வாறு கிடைத்ததே.

ஆகவே எந்த ரோஜாவானாலும் நிறத்தையும் மணத்தையும் மட்டும் பார்த்து வாங்கலாகாது. ஆண்டில் எத்தனை முறை பூக்கும், புதுக்கிளையில் பூக்குமா, பழைய கிளையில் பூக்குமா என்று கேட்டறிந்த பின்னரே செடி வாங்க வேண்டும்.