ரிசார்ட்டுக்குப் போனால் ஒற்றுமை வந்துவிடுமா?

நம்பிக்கை: எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி வெளியூர் கூட்டிப்போனால் டீம் ஒன்றாகிவிடும்.

சென்னை ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் பொங்கல் தாண்டியதும் இந்த நம்பிக்கைக்கு உயிர் வரும். மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் கை வைத்துவிடுவார்கள் என்ற கவலையும் உள்ளுக்குள் உண்டு. ஈ.சி.ஆர். ரிசார்ட்டோ ஏலகிரியோ முடிவாகும். போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கிறது? தினமும் கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிடுகிற நால்வர் அங்கேயும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். நீச்சல் குளத்துக்கு இந்தப் பக்கம் டெஸ்டிங், அந்தப் பக்கம் டெவலப்மென்ட்.

இதை நம் ஊர்க் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ராம், மைக்கேல் மோரிஸ் இருவரும் தொழில்துறையினருக்கான ஒரு மாலை விருந்தில், வந்தவர்களுக்கு மின்னணு அட்டை மாட்டி யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். 2007-ல் வெளிவந்த ஆய்வு அது. புது ஆட்களைப் பழக்கம் பிடிக்கவே வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள்தான், அங்கே போனதும் தெரிந்த முகமாகத் தேடிப்போய் நின்றார்கள்.

ஆளுக்கொரு வேலை இருந்தால் கதை வேறு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த லேத் பட்டறைக்குள் போனாலும் இதைப் பார்க்கலாம். ஒருவர் மெஷினில் வருஷக் கணக்கில் படிந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒருவர் ஏணியில் ஏறி மாவிலை கட்டுவார். இன்னொருவர் ஸ்பேனரிலிருந்து வெர்னியர் வரை வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பார். புதிதாகச் சேர்ந்த பையனிடம் பொரி பொட்டலம் கட்டும் வேலை வரும். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் என்று முதலாளிக்கும் ஹெல்பருக்கும் ஒரே அளவு. ‘இப்போது உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று மைக் பிடிக்க அங்கே ஆள் கிடையாது. ஐ.டி. அலுவலகங்களிலும் பிரிவுக்குப் பிரிவு அலங்காரப் போட்டி வைத்தால், யாரும் சொல்லாமலே ராத்திரி வரை இருந்து காகிதம் வெட்டுகிறார்கள். பூஜையில் சேர விருப்பமில்லாதவர்கள் எங்கும் இருப்பார்கள்; அவர்களைச் சாமி முன்னால் இழுத்துவந்து நிறுத்தாதவரைக்கும் இது நன்றாகவே நடக்கிறது.

‘அலுவலக வேலையைப் பற்றியே பேசக் கூடாது, ஜாலி மட்டும்தான்’ என்ற விதியும் இதே நம்பிக்கையின் தம்பி. குழு உருவாக்கப் பயிற்சிகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் கேமரன் கிளைன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை நான்கு வகைகளை ஒப்பிட்டது: இலக்கு வகுப்பது, ஒருவரோடு ஒருவர் பழக்கத்தை வளர்ப்பது, யாருக்கு எது பொறுப்பு என்று தெளிவாக்குவது, பிரச்சினையைச் சேர்ந்து தீர்ப்பது. நான்கிலும் பலன் இருந்தது. இலக்கும் பொறுப்பும் முன்னால் நின்றன. ரிலீஸ் ராத்திரியில் சர்வர் படுத்தால் யார் யாருக்குப் போன் போடுவது என்று ஒரு மதியம் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டு, நாலு மணிக்கு பஜ்ஜி, டீயோடு வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் டீம் பில்டிங்தான். ‘நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம்?’ என்று நாற்பது வயதுக்காரரைக் கேட்பதைவிட மேல்.

நம்பிக்கை: சனிக்கிழமை வைத்தால் வேலையும் கெடாது, ஆட்களும் சந்தோஷப்படுவார்கள்.

வேலை கெடாது, சரி. கெடுவது ஊழியர்களின் சனிக்கிழமை. காலை ஆறரைக்கு சோழிங்கநல்லூரில் வேன் என்றால் அம்பத்தூர்க்காரர் நாலரைக்கு எழ வேண்டும். கைக்குழந்தையை யாரிடம் விடுவது, அப்பாவை டயாலிசிஸுக்கு யார் கூட்டிப்போவது என்பதெல்லாம் அழைப்பு மெயிலில் வராது. ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று ஒரு வரி இருக்கும். கூடவே ஒரு எக்ஸெல் ஷீட், அதில் ‘வராததற்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு விருப்பத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பிரான்ஸில் இது கோர்ட்டு வரை போயிருக்கிறது. வார இறுதி மது விருந்து போன்ற கம்பெனிக் கேளிக்கைகளில் சேராததையும் காரணமாகக் காட்டி, பாரிஸ் ஆலோசனை நிறுவனம் ஒன்று ஊழியரை வேலையை விட்டு நீக்கியது. 2022 நவம்பரில் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊழியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இங்கே யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை; தலைவலி என்று மெசேஜ் போட்டுவிடுவார்கள். புதன் அல்லது வியாழன் மதியம், சம்பள நேரத்துக்குள் வைத்துப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தலைவலி குணமாகிறது என்று தெரியும்.

நம்பிக்கை: ஆபத்தைச் சேர்ந்து கடந்தால்தான் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

2022 ஜூனில் சூரிச் ஏரிக்கரையில் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஊழியர்கள் தணல்மேல் நடந்தார்கள். இருபத்தைந்து பேருக்குக் காயம். நம் பக்கம் பூக்குழி இறங்குகிறவர் விரதம் இருந்து, தன் வேண்டுதலுக்காக இறங்குகிறார். மேனேஜர் பார்க்கிறாரே என்று இறங்குவதில்லை. மூட்டுவலிக்காரரைக் கயிற்றுப் பாலத்தில் ஏற்றுவதும், கண்ணைக் கட்டிப் பின்னால் சாயச் சொல்வதும் இந்த வகைதான்.

நம்பிக்கை: சாப்பாடு வெறும் செலவு, விளையாட்டுதான் முக்கியம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் நிஃபின் குழுவினர் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்து 2015-ல் எழுதினார்கள்: சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் குழுக்களை அவற்றின் அதிகாரிகள் வேலையிலும் உயர்வாக மதிப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டால் வேலை நன்றாக நடந்ததா, நன்றாக நடக்கிற இடத்தில் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பஃபே போடுவதைவிட மாதம் ஒரு மதியம் வாழை இலை போடலாம் என்பதே என் கட்சி. பரிமாறும் வாளி டீம் லீடர் கையில் இருக்கட்டும்.

நம்பிக்கை: ஊரைத் தாண்டிவிட்டால் ஆபீஸ் விதி கிடையாது.

உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாகப் போகும் இடத்தையும், கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடமாகவே கருதுகிறது. இரவு பதினொரு மணி டி.ஜே.யும் திரும்பி வரும் வேனும் அதற்குள் அடங்கும். அந்தச் சட்டப்படி கம்பெனியில் இருக்கும் புகார்க் குழுவின் உறுப்பினர் ஒருவராவது கூட வருகிறாரா, பெண்கள் வீடு சேர வண்டி தனியாக இருக்கிறதா என்று மெனு முடிவாகும் முன்பே பார்த்துவிடுங்கள்.