மின்னுவதெல்லாம் புரூப் அல்ல

உம்மும்மாவின் அலுமாரியில் 1957ஆம் ஆண்டின் வெள்ளி ஐந்து ரூபாய் ஒன்று இருந்தது. புத்த ஜயந்தி 2500ஆவது ஆண்டு நிறைவின் ஞாபகார்த்த நாணயம் அது. காலஞ்சென்ற மூத்தவாப்பா கொடுத்தது. கறுத்திருந்த அதை விடுமுறையில் பற்பொடி போட்டுத் தேய்த்தேன். பளபளவென மின்னியது. "இது புரூப் நாணயம்!" என்று பெருமையோடு மாமாவிடம் நீட்டினேன். நாணயம் சேர்ப்பவரான அவர் கைவில்லையால் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. அன்று அவரிடம் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

புரூப் என்பது நாணயத்தின் நிலை அன்று. அதைச் செய்யும் முறை. மெருகூட்டிய வெற்று வில்லையை மெருகூட்டிய அச்சுகளுக்கிடையே வைத்து ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். அதனால் எழுத்தும் விளிம்பும் கூர்மையாக இருக்கும். வெற்றிடம் கண்ணாடிபோல் முகம் காட்டும். பலவற்றில் உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் வெண்மையாகத் தெரியும். தேய்த்து வரும் மினுக்கத்தில் இவை இரா. என்னுடையது சாதாரண நாணயமே.

எத்தனை அடிக்கப்பட்டன என்பது மட்டும் அரிதான தன்மையைக் காட்டாது. எத்தனை எஞ்சியுள்ளன என்பதும் வேண்டும். 1957 நாணயம் 5 இலட்சம் அடிக்கப்பட்டது. அவற்றில் பெருந்தொகை பின்னர் உருக்கப்பட்டது. புரூப்பாக அடிக்கப்பட்டவையோ மிகச் சில.

நிலையை 1 முதல் 70 வரை புள்ளியிட்டு மதிப்பிடுவர். பழுதற்ற புரூப் பெரும்பாலும் 60க்கு மேல் வரும். விளக்கின் கீழே நாணயத்தை மெல்லச் சாய்த்து, மயிரிழைக் கீறல், விரலடையாளம், பால்நிறப் புள்ளி ஆகியவற்றைத் தேட வேண்டும். விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். பெட்டியும் சான்றிதழும் இருப்பது நல்லது. ஆனால் பெட்டி மாறியும் வரலாம்.

வெள்ளியின் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால் உண்டாகும் வெள்ளிச் சல்பைட்டு. அதைப் பழுதாகச் சேகரிப்போர் எண்ணுவதில்லை. தேய்த்ததையே பெருங்குறையாகக் கொள்வர்.

"கறுப்பு இருந்தாப் பரவாயில்ல மகள். இந்தக் கீறல இனி எடுக்க ஏலாது" என்றார் மாமா.

உம்மும்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் நாணயத்தை வாங்கி, "மூத்தவாப்பா தந்ததுதானே, இருக்கட்டும்" என்று மீண்டும் அலுமாரியில் வைத்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய நாணயம் இருந்தால், துணியைக் கையில் எடுக்குமுன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.