வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. வாங்குவது எப்படி?

“எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது” என்பது பழமொழி. அன்று நாம் கணக்கைப் பேரேட்டில் எழுதினோம். இன்று நம்மில் பலருக்கு அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. பகலில் கடையில் பில் போடுகிறோம். இரவில் வீட்டில் மகனோ மருமகளோ உட்கார்ந்து கொள்முதல், விற்பனை, நிலுவை ஆகியவற்றை ஏற்றுகிறார்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்துதான் போகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். ஆகவே வீட்டில் ஒரு மூலையில் இருக்கும் அந்தப் பெட்டி விளையாட்டுப் பொருள் அல்ல. அது நம் கணக்குப் பிள்ளை.

அந்தக் கணக்குப் பிள்ளை மந்தமாகி விட்டார் என்பதுதான் பல வீடுகளில் குறை. காலையில் பொத்தானை அமுக்கினால் காப்பி குடித்து முடித்த பிறகுதான் திரை தயாராகிறது. புதிய கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது தேவையில்லை. உள்ளே இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்து விட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே போதும். அதை ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பதை வியாபாரிக்கு வியாபாரி சொல்லும் முறையில் இங்கே எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.டி. என்றால் என்ன?

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் சுழல்கின்றன. சாதாரணமாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. அதன் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து விவரத்தைத் தேடி எடுக்கிறது. ஒரே ஒரு கடைப் பையனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் அவனைக் குடோனுக்கு ஓட விடுவது போன்றது இது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் பையன் ஆயிரக்கணக்கான முறை ஓட வேண்டியிருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை, நகரும் முள் இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற பிளாஷ் சில்லுகளில் எழுத்து நிற்கிறது. சாமான் எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே கை எட்டும் தூரத்தில் அடுக்கி வைத்தது போல. தேடும் நேரம் நூறு மடங்கு குறைந்து விடுகிறது. இந்த பிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா. அதை 1984-ல் அவர் உலகுக்கு அறிவித்தார். 1991-ல் சான்டிஸ்க் நிறுவனம் 20 எம்.பி. மட்டுமே கொள்ளும் எஸ்.எஸ்.டி.யை ஏறத்தாழ ஆயிரம் டாலருக்கு விற்றது. இன்று நம் கைக்கு எட்டும் விலையில் அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு கொள்ளளவு கிடைக்கிறது.

எது பொருந்தும்?

கடைக்குப் போகும் முன் மூன்று விவரங்களைத் தெரிந்து கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்பது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்பார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தொட்டால், அது ஹார்டு டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று காட்டும். எஸ்.எஸ்.டி. இருந்தும் மந்தம் என்றால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ரேம் 4 ஜி.பி. மட்டும் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, இணைப்பின் வகை. பழைய கம்ப்யூட்டர்களுக்கு இரண்டரை அங்குல சாட்டா வகைதான் பொருந்தும். புதியவற்றில் எம்.2 என்ற சிறு பொருத்துமிடம் இருக்கும். எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.ஈ.யும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றும். மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. கம்ப்யூட்டரின் மாடல் எண்ணை எழுதிக் கொண்டு போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எஸ்.எஸ்.டி. போட்டு விட்டதால் மட்டும் பழைய இயந்திரம் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்று விடாது. அதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு பிறகு பணத்தைப் போடுங்கள்.

வேகத்துக்கு எவ்வளவு கொடுப்பது?

கடைக்காரர் வேகத்தைக் காட்டித்தான் விலை சொல்வார். நல்ல ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550 எம்.பி. என்.வி.எம்.ஈ.யில் மூன்றாம் தலைமுறை சுமார் 3,500, நான்காம் தலைமுறை 7,000 வரை போகும். ஆனால் டேலியில் ஒரு வவுச்சர் போடுவதற்கோ, ஒரு வாடிக்கையாளரின் நிலுவையைப் பார்ப்பதற்கோ இந்தக் கடைசி இரண்டுக்கும் உள்ள வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. ஹார்டு டிஸ்க்கில் இருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதே பெரிய லாபம். அதற்கு மேல் வேகத்துக்குக் கொடுக்கும் காசு, சினிமாப் படங்களை வெட்டி ஒட்டும் தொழில் செய்வோருக்குத்தான் பயன்படும்.

கொள்ளளவைப் பொறுத்தவரை, கணக்கு மட்டும் என்றால் 240 அல்லது 256 ஜி.பி. போதும். பிள்ளைகளின் படிப்பு, குடும்பப் படங்கள் எல்லாம் சேர்ந்தால் 480 அல்லது 500 ஜி.பி. வாங்கலாம். 500 ஜி.பி. வாங்கி வந்தால் விண்டோஸ் 465 என்று காட்டும். அதைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. ஒரே அரிசியைப் படியில் அளந்தால் ஓர் எண், கிலோவில் நிறுத்தால் வேறோர் எண் என்பது போலத்தான்.

எத்தனை நாள் உழைக்கும்?

பிளாஷ் சில்லில் அழித்து எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. அதை டி.பி.டபிள்யூ. என்று குறிப்பிடுவார்கள். மொத்தம் எத்தனை டி.பி. எழுதும் வரை நிறுவனம் பொறுப்பேற்கும் என்பது அதன் பொருள். சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி.க்கு இது 300 டி.பி.; வாரண்டி 5 ஆண்டு. விலை குறைந்த கிங்ஸ்டன் ஏ400 240 ஜி.பி.க்கு 80 டி.பி.; வாரண்டி 3 ஆண்டு.

நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கம்ப்யூட்டர் நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதுகிறது என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 7.3 டி.பி. ஆகிறது. 80 டி.பி. தீர ஏறத்தாழ 11 ஆண்டு ஆகும், 300 டி.பி. தீர 41 ஆண்டு ஆகும். ஆகவே வீட்டு உபயோகத்தில் எழுதி எழுதித் தேய்ந்து போகும் என்ற பயம் வேண்டாம். சில்லில் ஒரு அறைக்கு 3 பிட் வைக்கும் டி.எல்.சி. வகை, 4 பிட் வைக்கும் கியூ.எல்.சி. வகையை விட உழைப்பு கூடியது. விலை ஒன்றாக இருந்தால் டி.எல்.சி.யை வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடைக் கேமராவின் பதிவை இந்த எஸ்.எஸ்.டி.யில் சேர்க்காதீர்கள். நொடிக்கு 4 மெகாபிட் ஓடும் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜி.பி. எழுதும். நான்கு கேமரா என்றால் ஆண்டுக்கு 63 டி.பி. அந்த 80 டி.பி. பதினைந்து, பதினாறு மாதத்தில் தீர்ந்து விடும். கேமராவுக்கு அதற்கென்றே வரும் ஹார்டு டிஸ்க்தான் சரி.

யாருடைய சரக்கு?

உலகில் பிளாஷ் சில்லைத் தாமே தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ்; ஜப்பானின் கியோக்சியா; அமெரிக்காவின் மைக்ரான், சான்டிஸ்க்; சீனாவின் ஒய்.எம்.டி.சி. தோஷிபாவின் பழைய நினைவகப் பிரிவுதான் இன்றைய கியோக்சியா. இவை மில் வைத்திருப்பவர்கள் போல. கிங்ஸ்டன் முதலியோர் சில்லை வாங்கித் தம் பெயரில் செய்து விற்பவர்கள். மில் அரிசியை வாங்கித் தம் பெயரில் பை போடும் நல்ல வியாபாரிகளைப் போல. இரண்டு வகையிலும் பெயரைக் காப்பாற்றுவோர் உண்டு. பெயரே தெரியாத பை போடுவோரிடம்தான் கவனம் தேவை. இன்று ஒரு மில், நாளை ஒரு மில், நாளை மறுநாள் கழிவு என்று அங்கே நடக்கலாம்.

கிடைக்கும் சரக்கும் மாறிக் கொண்டிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் செய்து வந்த சில்லறை விற்பனையை நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலில் இருந்து சான்டிஸ்க் 2025 பிப்ரவரியில் தனி நிறுவனமாகப் பிரிந்தது. பழைய இருப்பை வாங்குவோர், வாரண்டியை யார் கவனிப்பார்கள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

போலியும் உண்டு. 2 டி.பி. என்று எழுதி அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டரில் 2 டி.பி. என்றே காட்டும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். கொள்ளும் அளவு நிறைந்ததும், மேலே எழுதுவதெல்லாம் காற்றில் போகும். அடி இல்லாத மரக்காலில் நெல் அளந்த கதைதான்.

வாங்கும் போது

நாம் விற்கும் பாக்கெட்டில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று எடை அளவுச் சட்டம் நம்மைக் கேட்கிறதோ, அதையே நாமும் கேட்போம். இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் உள்ள வரிசை எண்ணும் உள்ளே உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு வாரண்டி காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வாங்குங்கள். வரி 18 சதவீதம். தொழிலுக்கு உபயோகிப்பதானால் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் போடச் சொல்லி வரவு எடுத்துக் கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்போருக்கு அந்த வரவு கிடையாது. “பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்” என்பவரிடம் வாங்கினால் வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது.

போட்டவுடன் கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச நிரலை ஓட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதியது என்று காட்டும். புதுச் சரக்கு என்று கொடுத்ததில் ஆயிரம் மணி நேரம் காட்டினால் அது பழைய சரக்கு.

வாரண்டி டிஸ்க்குக்குத்தான், கணக்குக்கு அல்ல

இதுவரை சொன்னதை விட இனிச் சொல்வது முக்கியம். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் ‘கடக் கடக்’ என்று சத்தம் கொடுக்கும். எஸ்.எஸ்.டி. பல நேரங்களில் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்று விடும். அழிந்த விவரத்தை மீட்பதும் அதில் கடினம்.

எங்கள் கடைவீதியில் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் இது நேர்ந்தது. இரவு கணக்கு முடித்து மூடினார். காலையில் கம்ப்யூட்டர் டிஸ்க்கே இல்லை என்றது. நல்ல நிறுவனத்தின் சரக்கு, பில்லும் இருந்தது. வாரண்டியில் புதிது வந்து சேர்ந்தது, காலியாக வந்தது. வெளியூர்க் கடைகளின் பாக்கிப் பட்டியல் போயே போய் விட்டது. பில் நகல்களை வைத்து ஒவ்வொரு கடையாகக் கேட்டார். பலர் நாணயமாகச் சொன்னார்கள். சிலர் “அதை அப்போதே கட்டி விட்டேனே, அண்ணாச்சி” என்றார்கள். மறுத்துப் பேச அவர் கையில் ஏடு இல்லை.

ஆகவே கணக்கு எப்போதும் மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில். இரண்டாவது ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில். கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதையே ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு இதற்கு உபயோகிக்கலாம். மூன்றாவது வீட்டுக்கு வெளியே. இணைய வழிச் சேமிப்பிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒரு நகல். பீரோவில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கும் நகலுக்கு எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல, மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் உள்ள எழுத்து மங்கக் கூடும். எழுதிக் கொண்டிருக்கும் போது மின்சாரம் போனாலும் கணக்கு கெடலாம், நல்ல யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

சுருக்கமாக: பொருந்தும் வகை, தெரிந்த பெயர், தேவையான அளவு, பில்லோடு 3 அல்லது 5 ஆண்டு வாரண்டி. மிக வேகமானதும் வேண்டாம், மிக மலிவானதும் வேண்டாம். மிச்சப்படும் காசில் வெளி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். இரவு கல்லாவைப் பூட்டுவது போல, வாரம் ஒரு நாள் நகல் எடுப்பதையும் பழக்கமாக்குங்கள். பூட்டு விலை உயர்ந்ததா என்பதை விட, தினமும் பூட்டினோமா என்பதுதான் கேள்வி.