அக்சிலேட்டர் மேலே வராவிட்டால்...

காலை எடுத்த பிறகும் வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போனால் என்ன செய்வது? நம்ம லயத்துப் பிள்ளைகள் பலர் இன்றைக்கு கெப், லொறி, வேன் ஓட்டுகிறார்கள். அந்த லொறிகளின் பின்தட்டில் ஏறிப் போகிறவர்களும் நாம்தான். ஆகவே இந்தப் பாடம் சாரதிகளுக்கு மட்டும் என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

முதலில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 2009 ஓகஸ்ட் 28ஆம் திகதி, கலிபோர்னியாவில் சான் டியகோ நகருக்குப் பக்கத்தில் ஒரு லெக்சஸ் கார் மணிக்கு 160 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடி மோதியது. உள்ளே இருந்த நாலு பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்ல, நெடுஞ்சாலைப் பொலிஸ் அதிகாரி. அவருடைய சொந்தக் கார் திருத்தத்துக்குப் போனதால் விற்பனை நிலையம் இரவலாகக் கொடுத்த வண்டி அது. அந்தக் காருக்கு உரியதல்லாத, வேறு மொடலுக்குச் செய்த தடித்த ரப்பர் மெட் சாரதியின் காலடியில் போடப்பட்டிருந்தது. அக்சிலேட்டர் மிதி அதன் விளிம்பில் மாட்டி, முழுதாக அமுங்கியபடியே நின்றுவிட்டது.

நம்மை உறுத்துவது இதற்கு அடுத்த விஷயம். சில நாட்களுக்கு முன் அதே காரை இரவல் வாங்கிய இன்னொருவருக்கும் இதே மாதிரி மாட்டியிருக்கிறது. அவர் எப்படியோ ஓரம் கட்டி, கியரை நியூட்ரலுக்குப் போட்டு, மெட்டை இழுத்து விடுவித்துத் தப்பினார். காரைத் திருப்பிக் கொடுத்தபோது வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தார். ஆனால் மெட் மாற்றப்படாமலே கார் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

கெப் வண்டிகளும் இந்தக் கதைக்குள் வருகின்றன. டகோமா என்ற டொயோட்டா கெப் தானாகப் பாய்கிறது என்று 2008இல் அதன் உரிமையாளர் ஒருவர் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்தார். குறைபாடு உறுதிப்படவில்லை என்று மனுவைத் தள்ளினார்கள். அடுத்த வருஷம், மேலே சொன்ன விபத்துக்குப் பிறகு, டொயோட்டா சுமார் 38 இலட்சம் வாகனங்களின் உரிமையாளர்களுக்கு மெட்டை எடுத்துவிடும்படி அறிவித்தது. அந்தப் பட்டியலில் டகோமாவும் அதைவிடப் பெரிய டன்ட்ரா கெப்பும் இருந்தன. 2010 ஜனவரியில் இன்னொரு குறை வெளிவந்தது. மிதியின் உள்பாகம் தேய்ந்து, ஈரமும் சேர, மிதி மேலே வராமல் இறுகியது. கம்பியூட்டர்தான் காரணமா என்று நாசா பொறியியலாளர்கள் பத்து மாதம் தேடி, அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011இல் சொன்னார்கள். ஆனால் 2013இல் ஒக்லஹோமா மாநிலத்து ஜூரிகள் வேறொரு விபத்து வழக்கில் டொயோட்டாவுக்கு எதிராகவே தீர்த்தார்கள். பாதுகாப்பு விஷயத்தில் வாடிக்கையாளருக்கு உண்மையை மறைத்ததற்காக அந்தக் கம்பனி 2014இல் 120 கோடி டொலர் கட்ட ஒத்துக்கொண்டது.

சரி, நம்ம வண்டியில் இப்படி ஆனால்? மெனுவல் கியர் என்றால் கிளச்சை அடிவரை மிதியுங்கள். ஓட்டோ என்றால் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். எஞ்சின் போனால் வாங்கலாம். கூடவே பிரேக்கை முழுப் பலத்தோடு ஒரே அமுக்காக அமுக்கிப் பிடியுங்கள். விட்டு விட்டுப் பம்ப் பண்ணக் கூடாது. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் உண்டாகாது. ஏற்கெனவே சேர்ந்திருப்பதை இரண்டு மூன்று மிதியில் கரைத்துவிட்டால் பிரேக் கல்லாகிவிடும். "பிரேக் பிடிக்கலைங்க" என்று பிறகு சொல்வது பல சமயம் இதைத்தான்.

வண்டி நிற்கும் முன் சாவியை உருவ வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பொத்தான் அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் ஓடும்போது எஞ்சினை நிறுத்த, பொத்தானைச் சில விநாடி விடாமல் அமுக்க வேண்டியிருக்கும். அந்த லெக்சஸில் மூன்று விநாடி. இரவல் வாங்கியவருக்கு அது எப்படித் தெரியும்?

இங்கே ஒன்று. ரம்பொடை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இதைச் சாட்டாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது வேறு பைத்தியம். நாம் சொல்வது மிதி மாட்டிக்கொண்ட வேளைக்கு மட்டும்.

எல்லாப் பாய்ச்சலுக்கும் வண்டியே காரணம் என்றும் சொல்ல மாட்டோம். அவுடி கார்கள் தானாகப் பாய்வதாக எழுந்த முறைப்பாடுகளை ஆராய்ந்து 1989இல் வெளிவந்த அமெரிக்க அறிக்கை, பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து அக்சிலேட்டரை மிதித்ததே காரணம் என்றது. அழுத்த அழுத்த வேகம் கூடினால் உங்கள் கால் தவறான இடத்தில் இருக்கிறது. உடனே தூக்குங்கள். மழை நாளில் சேறு பிடித்த செருப்போடு ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். முற்றத்தில் கெப்பைப் பின்னுக்கு எடுக்கும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தச் சொல்வதும் இதற்காகத்தான்.

காலையில் வண்டி எடுக்கும் முன் மெட்டைப் பின்னுக்கு இழுத்து, கொக்கி இருந்தால் மாட்டுங்கள். ஒரு மெட்டின் மேல் இன்னொரு மெட்டோ, சாக்கோ, கார்ட்போட் மட்டையோ போட வேண்டாம். எஞ்சினை நிறுத்தி வைத்து அக்சிலேட்டரை அடிவரை மிதித்து விட்டுப் பாருங்கள். அது சட்டென்று தானாக மேலே வர வேண்டும். சுணங்கினால் அன்றைக்கே ரன்னிங் சார்ட்டில் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த டிரைவர் அண்ணனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.