ஒரே கரும்பலகை

தோற்றுவாய்

கல்வி நிலையத்தின் வாயிலை அனைவர்க்கும் திறந்து வைப்பது நீதியின் முதற்படி. உள்ளே வந்தவர் உண்மையிலேயே கற்கின்றனரா எனக் காண்பது அடுத்த படி. முதற்படியில் தமிழகம் நெடுந்தொலைவு கடந்துள்ளது. அடுத்த படியிலோ ஆசிரியர்களாகிய நமக்கே பெரும்பொறுப்பு உண்டு. இவ்விரண்டையும் சுருங்க நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயில் திறந்த வரலாறு

பசித்த வயிற்றோடு இருக்கும் குழந்தைக்குப் பாடம் மனத்தில் பதியாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கும் முயற்சியைத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் கால்கொண்டது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கத் தொடங்கினர்.

கல்லூரிச் சேர்க்கையின் வரலாறும் இத்தகையதே. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. அதனையடுத்து அதே ஆண்டில் நிகழ்ந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. பின்தங்கிய வகுப்பினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்திற்குத் தனி ஏற்பாடு செய்ய அஃது அரசுக்கு இடமளித்தது. தாத்தாவும் தந்தையும் காணாத கல்லூரியைப் பேரன் காணும் நிலை இவ்வாறே உருவாயிற்று.

என் பிழை

வாயிலைக் கடந்து வந்த அந்தப் பேரனுக்கு வகுப்பறை என்ன செய்கிறது? இதற்கு விடையாக என் பிழை ஒன்றையே கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இளங்கலை மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரு மாணவரின் ஏடுகளில் 'அகநானூறு' என்பது 'அகநானுறு' என ஒரே வகையில் பிழையாக இருந்தது. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார் என முடிவு செய்து, கடைசி இருக்கை மாணவரை அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்தபின் அருகில் வந்து, "கரும்பலகையில் எழுதுவது எனக்குத் தெரிவதில்லை, ஐயா. அதனால்தான் நண்பனின் ஏட்டைப் பார்த்து எழுதுகிறேன்" என்றார்.

அவர் கண் மருத்துவரிடம் ஒருமுறையேனும் சென்றதில்லை. எத்தனை ஆண்டுகளாக இவ்வாறு எழுதி வந்தாரோ! மறுநாள் அவரை முதல் வரிசையில் அமர்த்தினேன். சில நாள்களில் மூக்குக் கண்ணாடியும் கிடைத்தது. அதன்பின் அவ்வகுப்பில் மிகுதியாக வினா எழுப்பியவர் அவரே. அதற்கு முன் அவரை 'ஆர்வமில்லாதவர்' என நான் மனத்தில் எழுதி வைத்திருந்தேன்.

நாற்பது மாணவர்க்கும் நான் காட்டியது ஒரே கரும்பலகைதான். அதில் வேறுபாடு காட்டவில்லை என்பதால் நான் நடுவுநிலையோடு இருந்ததாக நினைத்தேன். ஒன்றையே எல்லார்க்கும் தருவது வேறு. ஒவ்வொருவர்க்கும் அது சென்று சேர்ந்ததா எனப் பார்ப்பது வேறு. பின்னதே நடுவுநிலைமை.

இன்றைய கரும்பலகைகள்

இன்று பல மாணவர்க்கு எட்டாத கரும்பலகை ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவர், கல்லூரியில் அறிவியலையும் வணிகவியலையும் திடீரென ஆங்கிலத்தில் கேட்கும்போது வாய்மூடிவிடுகிறார். அது மொழித்தடையே அன்றி அறிவுக்குறை அன்று. கலைச்சொல்லைத் தமிழிலும் ஒருமுறை விளக்கினால் பாடம் தாழ்ந்துவிடாது.

மற்றொன்று கைப்பேசி. 2020இல் கொரோனா முடக்கத்தால் பாடங்கள் இணையவழிக்கு மாறின. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அதனை அண்ணனுக்குத் தருவதா, தங்கைக்குத் தருவதா என்ற கேள்வி எழுந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஆண்களில் ஏறத்தாழ 87 விழுக்காடு. பெண்களில் 73 விழுக்காடு. அத்தகைய சிறு முடிவுகள் பல சேர்ந்தே இவ்விடைவெளி உண்டாகிறது.

மூன்றாவது மாடிப்படி. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாமல் இடம் ஒதுக்கவேண்டும் என 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இடம் கிடைத்தும் வகுப்பு இரண்டாம் மாடியில் நடந்தால் என்ன பயன்? அவ்வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றச் செலவேதும் இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

நிறைவாக

சட்டங்களும் திட்டங்களும் வாயில்வரை அழைத்து வரும். அதன்பின் நடப்பது நம் கையில் உள்ளது. ஆசிரியப் பெருமக்கள் ஆண்டின் முதல் வாரத்தில் கடைசி வரிசைக்குச் சென்று, அங்கிருந்து தம் கரும்பலகையை ஒருமுறை பார்க்க வேண்டும். சமுதாயப் பெரியோர் கட்டடங்களுக்கு வழங்கும் கொடையில் ஒரு சிறு பங்கைக் கண் பரிசோதனைக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் ஒதுக்கலாம். மகளின் படிப்பு திருமணத்தால் இடையில் நின்றுவிடாமல் காக்கலாம். மாணவச் செல்வங்களே, தெரியாததைத் 'தெரியவில்லை' என்று சொல்லத் தயங்காதீர்கள். அன்று அம்மாணவர் வாய்திறந்து சொல்லியிராவிட்டால், என் பிழை இன்றுவரை எனக்குத் தெரிந்திராது.