பெர்சென்டைல் குழப்பமா? கணக்கைக் கையில் எடுங்கள்

"எனக்கு 160 மார்க், அவனுக்கு 145. பெர்சென்டைல் மட்டும் அவனுக்கு எப்படிக் கூடுதலா வந்துது?" ஜேஇஇ மெயின் முடிவு வெளியானதும் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. அந்தக் கோபம் நியாயமானது. இரண்டு வருட உழைப்பை ஒரு சூத்திரம் எடைபோடுகிறது; அதை யாரும் பொறுமையாக விளக்குவதில்லை. கணக்கு புரிந்தால், அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெளிவாகும்.

ஜேஇஇ மெயின்: ஷிஃப்ட்டுக்குள்தான் போட்டி

ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் வினாத்தாள் வேறு. அதனால் உங்கள் ஷிஃப்ட்டில் எழுதியவர்களோடு மட்டுமே உங்களை ஒப்பிடுகிறார்கள். 1,00,000 பேர் எழுதி, 95,000 பேர் உங்கள் மார்க்கோ அதற்குக் குறைவோ எடுத்திருந்தால் உங்களுக்கு 95 பெர்சென்டைல். வினாத்தாள் கடினமான ஷிஃப்ட்டில் 145 மார்க்கே எளிதான ஷிஃப்ட்டின் 160-ஐ முந்தலாம். மூன்று பாடப் பெர்சென்டைல்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் மொத்தப் பெர்சென்டைல் வராது. அது மொத்த மார்க்கை வைத்துத் தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஜனவரி, ஏப்ரல் இரண்டும் எழுதினால் சிறந்ததையே எடுத்துக்கொள்வார்கள். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

நீட்: ரேங்கைப் பாருங்கள்

2024-இல் முதலிடம் 720 மார்க், 2025-இல் 686. பொதுப்பிரிவின் தகுதி மார்க் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. "போன வருஷம் இந்த மார்க்குக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் கிடைத்தது" என்று பக்கத்து வீட்டில் சொன்னால், அந்த மாணவரின் ரேங்க் என்ன என்று கேளுங்கள். ஒப்பிட உதவுவது அதுதான்.

பொறியியல் கலந்தாய்வு: மார்க்கைச் சமப்படுத்துவது எப்போது உதவும்?

2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே பொறியியல் சேர்க்கை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்குக் கட்ஆஃப். மற்ற வாரியங்களின் முதல் மார்க்கை மாநில வாரியத்தின் முதல் மார்க்குக்குச் சமமாக்குவார்கள். சிபிஎஸ்இ இயற்பியலில் முதல் மார்க் 90, மாநில வாரியத்தில் 100 என்றால், சிபிஎஸ்இ மாணவரின் 60 என்பது 66.66 ஆகும். ஆனால் சிபிஎஸ்இயிலும் ஒருவர் 100 எடுத்துவிட்டால் யாருக்கும் கூடுதல் மார்க் கிடைக்காது. "பேப்பர் கஷ்டம், சரிக்கட்டிவிடுவார்கள்" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

எல்லையோரக் குடும்பங்களுக்கு

பிளஸ் டூவைத் திருவனந்தபுரத்தில் படிக்க வைக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் உண்டு. என்ஐடி சேர்க்கையில், பிளஸ் டூ தேறிய மாநிலமே உங்கள் மாநிலம். அங்கே படித்தால் திருச்சி என்ஐடியின் உள்மாநில இடங்கள் கைவிட்டுப் போகும். கோழிக்கோடு என்ஐடியின் உள்மாநில இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். பள்ளியை மாற்றும் முன்பே இதைப் பேசி முடிவெடுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சான்றிதழையும் நேரத்தோடு வாங்கி வையுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. விண்ணப்பிக்கும் நாளிலேயே தகவல் கையேட்டைப் பதிவிறக்கிச் சேமியுங்கள். கேரளத்தில் பொறியியல் நுழைவுத் தேர்வான கீம் 2025-இல் முடிந்த பிறகு, மார்க்கைச் சமப்படுத்தும் முறையை மாற்றினார்கள். ஜூலை 1-இல் வந்த தரவரிசையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூலை 10-இல் பழைய முறைப்படி புதிய பட்டியல் வந்தது. எழுத்தில் இருக்கும் விதிதான் மாணவருக்குப் பாதுகாப்பு.

2. தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் உங்கள் விடைகளோடு ஒப்பிடுங்கள். பிழை உறுதியானால், ஆதாரத்தோடு கெடுவுக்குள் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். முடிவு வந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

3. கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் இறுதி ரேங்குகளை உங்கள் பிரிவுக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். எட்டாத கனவு, எட்டும் தூரம், உறுதியான இடம் என்று மூன்றாகப் பிரித்து விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.

4. கோணம் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி போன்ற அருகிலுள்ள அரசு இடங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்: பெர்சென்டைல் என்பது ஒரு நாளில், ஒரு கூட்டத்துக்குள் கிடைத்த இடம். அதை வைத்துப் பிள்ளையின் அறிவை அளக்காதீர்கள். முடிவு வந்த மாலையில் திட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கலந்தாய்வுத் தேதிகளைச் சேர்ந்து குறியுங்கள்.